மூன்றரை மணிக்குப் பிறகு பிள்ளைகள் எங்கே போவார்கள்?

பள்ளிக்கூடம் மூன்றரைக்கு முடிகிறது. அப்பா பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை முடித்து வந்து நித்திரையில் இருப்பார், அம்மா கடையில் காசு வாங்கும் ரில்லில் நிற்பார், ஏழு மணிக்கு முன்னர் வீடு திரும்ப மாட்டார். வீடென்பது பெரும்பாலும் இரண்டு அறை பிளாட், அதிலும் ஓர் அறையில் வேறு ஆட்கள் வாடகைக்கு இருப்பார்கள். பதினான்கு வயதுப் பெடியன் ஒருவன் அந்த மூன்றரை மணித்தியாலத்தை எங்கே கழிப்பான்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரியூசன், நீச்சல், வயலின், கிரிக்கெட் பயிற்சி என்று ஏதோ ஒன்று இருக்கும், கூட்டிக்கொண்டு போக ஆளும் காரும் இருக்கும். மற்றப் பிள்ளைக்கு சிக்கன் கடை வாசலும் பஸ் தரிப்பிடமும் ஃபோனும்தான். ஒரு காலத்தில் இதற்கு இங்கிலாந்து வைத்திருந்த பதில் யூத் கிளப், பதின்ம வயதுப் பிள்ளைகள் பள்ளி முடிந்து போய் இருக்கக் கூடிய இளையோர் நிலையம்.

லண்டனில் ஒரு சின்ன யூத் கிளப்பின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம், நடத்துவது அல்ல, தொண்டு நிறுவனமாகப் பதிந்து, ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவது. கணக்கு வழக்கும் கிராண்ட் என்கிற மானிய விண்ணப்பங்களும் என் பொறுப்பு. அதனால் அரசாங்கம் இளையோருக்கென்று எங்கே காசு போடுகிறது, எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் தமிழ் ஊர்ச் சங்க ஆண்டு விழாக்களில் இளைய தலைமுறையைப் பற்றிப் பேசாத மேடையே கிடையாது. ஆனால் அந்தத் தலைமுறைக்கென்று இருந்த ஒரு பொதுச் சேவை இங்கிலாந்தில் பதினைந்து வருடத்துக்குள் எப்படிக் கரைந்துபோனது என்று அந்த மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் வரி கட்டும் நாடு இது, எங்கள் பிள்ளைகள் நடக்கும் தெரு இது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 507பி என்று ஒரு பிரிவு இருக்கிறது, 2006இல் சேர்த்தது. 13 முதல் 19 வயது வரையானவர்களுக்கும், கற்றல் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ளவர்களென்றால் 24 வயது வரைக்கும், ஓய்வு நேரத்தில் கற்கவும் பொழுதுபோக்கவும் போதிய வசதி கிடைப்பதை உள்ளூராட்சி மன்றம் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது அது. வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதே பிரிவில் 'நியாயமான அளவுக்கு இயன்றவரை' என்ற நிபந்தனையும் இருக்கிறது. போதியது என்றால் எவ்வளவு என்று ஓரிடத்திலும் இல்லை. இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் வேண்டும், இத்தனை பேருக்குத் தகுதி பெற்ற ஒரு யூத் வொர்க்கர் (இளையோரோடு வேலை செய்யும் ஊழியர்) வேண்டும், தலைக்கு இத்தனை பவுண்ஸ் செலவிட வேண்டும் என்று எதுவுமே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைக் கணக்கில் காசு வருகிறது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது.

இதுதான் முழுப் பிரச்சினையின் அடி வேர் என்பது என் எண்ணம். கவுன்சில் ஒன்றின் வரவு செலவைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் விளங்கும். வயோதிபர் பராமரிப்பு, ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளின் பாதுகாப்பு, வீடில்லாதவர்களுக்குத் தற்காலிக இருப்பிடம், இவற்றை எல்லாம் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் நீதிமன்றம் வரை போகும். மத்திய அரசு தரும் காசு குறையும்போது கவுன்சில் முதலில் கை வைப்பது, வெட்டினாலும் உடனே வழக்கு வராத இடத்தில். நூலகம், பூங்கா, யூத் கிளப். இதில் யூத் கிளப்புக்குப் போகிறவர்களுக்கு வாக்கும் இல்லை. 2020இல் குரொய்டனும் 2023இல் பேர்மிங்ஹாமும் கையில் காசில்லை என்று சட்டப்படி அறிவித்தபோது, அத்தியாவசியச் செலவு தவிர மற்றதெல்லாம் நிறுத்தப்படும் நிலை வந்தது. இளையோர் சேவை அந்த மற்றதற்குள்தான் அடங்கும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1939 நவம்பரில், போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில், அன்றைய கல்விச் சபை ஒரு சுற்றறிக்கை விட்டு, பள்ளியை விட்டு வெளியேறிய இளையோரின் நலனும் அரசின் பொறுப்பு என்றது. விமானத் தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நாடு அதற்கு நேரம் ஒதுக்கியது. பிறகு 1958இல் அல்பமார்ல் சீமாட்டி தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். போருக்குப் பின் பிறந்த பெருந்தொகையான பிள்ளைகள் பதின்ம வயதை எட்டும் நேரம், கட்டாய இராணுவச் சேவை முடிவுக்கு வரும் நேரம், நொட்டிங் ஹில் கலவரம் நடந்த வருடமும் அதுதான். 1960 பெப்ரவரியில் வந்த அந்தக் குழுவின் அறிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நாடு முழுக்க யூத் கிளப் கட்டடங்கள் எழும்பின, லெஸ்ரரில் யூத் வொர்க்கர்களைப் பயிற்றுவிக்க ஒரு தேசியக் கல்லூரி வந்தது. இன்றைக்கும் சில பேட்டைகளில் தட்டைக் கூரையும் பெரிய கண்ணாடி யன்னலுமாக ஒரு பழைய கட்டடத்தைப் பார்ப்பீர்கள், அந்தக் காலத்துக் கிளப்பாக இருக்கும். கட்டடமும் வேண்டும், பயின்ற ஆளும் வேண்டும், இரண்டுக்கும் அரசுதான் காசு போட வேண்டும் என்று அறுபது வருடத்துக்கு முன்னரே விளங்கிக்கொண்டிருந்தார்கள்.

2010 ஒக்டோபரில் செலவுக் குறைப்பு அறிவிப்பு வந்தது. பதினாறு வயதுக்குப் பின் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 30 பவுண்ஸ் வரை கிடைத்துவந்த கல்வி உதவித்தொகையை இங்கிலாந்தில் நிறுத்தினார்கள். கவுன்சில்களுக்கான மானியம் விழுந்தது. இளையோருக்கான தொண்டு நிறுவனமான வைஎம்சிஏ வருடா வருடம் இதைக் கணக்கெடுக்கிறது. அதன்படி 2010-11இல் இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் இளையோர் சேவைக்குச் செலவழித்தது ஏறக்குறைய 1.4 பில்லியன் பவுண்ஸ், 2018-19இல் அது 429 மில்லியன். எழுபது சதவீதம் போய்விட்டது. அரசுத் துறை தொழிற்சங்கமான யூனிசன் எடுத்த கணக்கில் 2010க்கும் 2023க்கும் இடையில் கவுன்சில் நடத்திய 1,200க்கு மேற்பட்ட இளையோர் நிலையங்கள் மூடப்பட்டிருக்கின்றன, அதாவது இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. வேலை போன யூத் வொர்க்கர்கள் வேறு வேறு வேலைக்குப் போனார்கள். பத்துப் பதினைந்து வருட அனுபவம் அவர்களோடு போய்விட்டது. நாளைக்குக் காசு வந்தாலும் அந்த ஆட்களைக் கூப்பிட்டு எடுக்க முடியாது.

யூத் வொர்க்கர் என்ன செய்வார் என்று எங்கள் ஆட்கள் நிறையப் பேர் கேட்பார்கள். "சும்மா நின்று மேசைப்பந்து விளையாடுறதுக்கு ஒரு சம்பளமா?" என்று என்னிடமே ஓர் அண்ணை கேட்டார். கேள்வி நியாயமானதுதான், பார்க்கிறவருக்கு அப்படித்தான் தெரியும்.

எங்கள் கிளப்பில் ஒரு பெடியன் வந்துகொண்டிருந்தான். தொப்பி வைத்த மேலங்கியைக் கழற்ற மாட்டான், விளையாட மாட்டான், எல்லோரும் போனபின் குசினிக்குள் வந்து கப் கழுவுவான். எங்கள் யூத் வொர்க்கர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கழுவ, அவர் துடைத்து அடுக்குவார். பந்து, மழை, பள்ளிக்கூடச் சாப்பாடு என்று ஏதாவது கதைப்பார், இல்லாவிட்டால் பேசாமல் நிற்பார். நிர்வாகக் குழுவில் ஒருவர், பங்குபற்றாத பிள்ளையைக் கணக்கில் சேர்க்கலாமா என்றுகூடக் கேட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படிப் போனது. பிறகு ஒரு நாள் தண்ணீரைத் திறந்துவிட்டபடி, திரும்பிப் பார்க்காமல், தன்னை வயது கூடிய சிலர் ஒரு பொதி கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி நெருக்குவதாகச் சொன்னான். பள்ளியில் சொல்ல அவனுக்குப் பயம், வீட்டில் சொல்ல அதைவிடப் பயம். அன்றைக்கே செய்ய வேண்டியதை அவர் செய்தார், அவனையும் கூட வைத்துக்கொண்டே செய்தார். மேலே சொல்வது அவனுக்கு நல்லதல்ல. ஆனால் அந்தச் சம்பளம் எதற்கென்று கேட்ட அண்ணைக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் குசினிதான். குளிர்காலம் முழுக்க அதே ஆள் அதே இடத்தில் நின்றதற்குத்தான் சம்பளம். கார்த்திகையில் ஓர் ஆள், தையில் வேறோர் ஆள் என்றிருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் அரசாங்கங்கள் விளங்கிக்கொள்ளவில்லை. அல்லது விளங்கியும் அதற்குக் காசு கொடுக்க விரும்பவில்லை. 2011இல் டேவிட் கமரனின் அரசு தேசியக் குடிமக்கள் சேவை என்று ஒரு திட்டத்தைப் பரிசோதனையாகத் தொடங்கியது. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் சில கிழமை வெளியூர் போய்த் தங்கி, மலை ஏறி, படகு ஓட்டி, பிறகு ஊருக்குத் திரும்பி ஒரு சமூக வேலை செய்வது. போன பிள்ளைகள் பலர் சந்தோசமாக வந்தார்கள், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் போனார்கள், லண்டனை விட்டு முதல்தரம் வெளியே போய்த் தங்கிய பிள்ளைகள் அவர்களுக்குள் இருந்தார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். கவுன்சில்களின் கூட்டமைப்பான உள்ளூராட்சிச் சங்கம் 2018இல் சொன்னபடி, 2014-15இலிருந்து 2017-18 வரை மத்திய அரசு இளையோர் சேவைக்கு ஒதுக்கிய காசில் 95 சதவீதம், அதாவது 634 மில்லியன் பவுண்ஸ், இந்த ஒரு திட்டத்துக்கே போனது. தகுதியுள்ள வயதுப் பிள்ளைகளில் 2016இல் பங்குபற்றியது ஏறக்குறைய எட்டில் ஒருவர்தான். ஒரு கோடைக்கு ஒரு தரம் நடக்கும் விஷயத்துக்கு அவ்வளவு காசு போன அதே வருடங்களில்தான் வருடம் முழுக்கத் திறந்திருந்த கதவுகள் பூட்டப்பட்டன. சரி, கடைசியில் என்ன ஆனது? 2024 நவம்பரில் புதிய தொழிற்கட்சி அரசு அதையும் மூடுவதாக அறிவித்தது, 2025 மார்ச்சோடு முடிந்தது. அவ்வளவு காசு கொட்டிக் கட்டிய அமைப்பும் இப்போது இல்லை, அதற்காகக் காய்ந்துபோன கிளப்புகளும் இல்லை.

எங்களைப் போன்ற சின்னக் கிளப்புகள் கிராண்டில் ஓடுகின்றன. ஒரு வருடம், கூடிப்போனால் மூன்று வருடம். முதல் சில மாதம் ஆள் எடுப்பதிலும் பின்னணிச் சோதனைப் பத்திரங்களிலும் போகும். கடைசி ஆறு மாதம் அடுத்த கிராண்ட் கிடைக்குமா என்ற யோசனையில் போகும், அதற்குள் எங்கள் யூத் வொர்க்கர் வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார், அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறதுதானே. ஏற்கெனவே நன்றாக நடக்கும் வேலைக்குக் காசு கேட்டால் கிடைப்பது கஷ்டம். 'புதுமையான' திட்டம் என்று எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவைத் திறந்து வைத்து, தேத்தண்ணி போட்டு, ஹீற்றர் போடுவது புதுமையில்லை. அப்புறம் பிள்ளைகளிடம் திட்டம் தொடங்கும்போது ஒரு படிவம், முடியும்போது ஒரு படிவம், 'என் மீது எனக்கு நம்பிக்கை உண்டு' என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. கப் கழுவிய பெடியன் அந்தப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் மூன்று போட்டுவிட்டுப் போனான்.

கத்திக் குத்துத் தடுப்புக்கென்று வரும் காசு வேறு. 2019க்குப் பிறகு வன்முறைக் குறைப்புப் பிரிவுகள் ஊடாக நல்ல வேலைகளும் நடக்கின்றன. ஆனால் அந்தக் காசைக் கேட்க வேண்டுமென்றால் எங்கள் பிள்ளைகளை ஆபத்தானவர்களாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. படம் கீற வருகிற பிள்ளையும் கிரிக்கெட் விளையாட வருகிற பிள்ளையும் விண்ணப்பத்தில் குற்றவாளியாகக் கூடியவர் ஆகிவிடுகிறார். எனக்கு இது மனதை வருத்துகிற விஷயம். தொண்ணூறுகளின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் லண்டனில் எங்கள் பெடியள் ஊர்ப் பெயரிலும் இடப் பெயரிலும் குழுக்களாகப் பிரிந்து வெட்டுப்பட்டதைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஈஸ்ட்ஹாம், வெம்பிளி, ரூட்டிங் என்று எந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டாலும் ஒரு செத்தவீட்டுக் கதை இருக்கும். இலங்கைப் போரிலிருந்து வந்து இறங்கிய பிள்ளைகள் அவர்கள், சிலர் தனியாகவே வந்தவர்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அவர்களைப் பிரச்சினையாகப் பார்க்காத ஓர் இடம்.

ஊரிலே சனசமூக நிலையங்களை நாங்களே நடத்தவில்லையா, இங்கே ஏன் கவுன்சிலை எதிர்பார்க்க வேண்டும் என்றும் கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அது உண்மை. ஒரு வாசிகசாலை, வாங்கில் அன்றைய பேப்பர்கள், பக்கத்தில் கரப்பந்து மைதானம், மாலையில் பெடியள், ஞாயிற்றுக்கிழமை சிரமதானம். காணியை ஒருவர் தந்திருப்பார், கூரையை வெளிநாட்டுக் காசு போட்டிருக்கும். அது ஓடியதற்குக் காரணம் இருந்தது. செயலாளராக இருந்த வாத்தியார் நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், அவர் அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே இருப்பவர், அங்கே வரும் ஒவ்வொரு பெடியனின் அப்பாவையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடியவர். இங்கே அதே வாத்தியாரின் தம்பி இரண்டு வேலை செய்கிறார், வாடகை ஏற ஏற இரண்டு மூன்று வருடத்துக்கொரு தரம் வீடு மாறுகிறார். 2010இல் கமரன் 'பெரிய சமூகம்' என்று பேசியபோதும் இதே எண்ணம்தான், அரசு விலகினால் அக்கம்பக்கம் முன்வந்து செய்துவிடும் என்று. ஓய்வு நேரமும் நிலையான வீடும் உள்ள பகுதிகளில் முன்வந்தார்கள். கிளப் அதிகமாகத் தேவைப்பட்ட பகுதிகளில் முன்வர யாருக்கும் மாலை நேரமே மிஞ்சியிருக்கவில்லை. தொண்டர்கள் வேண்டும், நானும் தொண்டர்தான். ஆனால் கதவைத் திறக்க, பிள்ளை சொல்வதைக் கேட்டு முறைப்படி நடவடிக்கை எடுக்க, சம்பளம் வாங்கும் பயின்ற ஓர் ஆள் நடுவில் இருந்தால்தான் தொண்டர்களும் நிலைப்பார்கள்.

2025 டிசம்பரில் அரசாங்கம் பத்தாண்டுத் தேசிய இளையோர் திட்டத்தை வெளியிட்டது. நல்லதொரு விஷயம் அதில் இருக்கிறது: 2035க்குள் இன்னும் ஐந்து லட்சம் இளையோருக்கு வீட்டுக்கு வெளியே நம்பக்கூடிய ஒரு பெரியவர் கிடைக்க வேண்டும் என்ற இலக்கு. யூத் வொர்க்கர்கள் காலங்காலமாகச் சொன்னதை ஓர் அரசாங்கம் தன் காகிதத்தில் எழுதியதே ஒரு முன்னேற்றம். ஆனால் அறிவித்த 500 மில்லியனில் 350 மில்லியன் கட்டடங்களுக்கு, 250 வரையான நிலையங்களைக் கட்டவும் திருத்தவும். கட்டடச் செலவு ஒரு தரம் கொடுப்பது, திறப்பு விழா வைக்கலாம், அமைச்சர் வந்து நாடா வெட்டலாம். சம்பளம் அப்படியல்ல, ஒவ்வொரு மாதமும் கொடுக்க வேண்டும், அதற்குத் திறப்பு விழா கிடையாது. 2008இலும் கோடிக்கணக்கில் காசு ஒதுக்கிப் புதுப் புது இளையோர் நிலையங்கள் கட்டத் தொடங்கினார்கள். அவை திறக்கப்பட்டுவந்த காலத்திலேயே வெட்டு வந்தது, உள்ளே ஆள் வைக்கக் காசில்லாமல் பல இடங்கள் தடுமாறின. கூரை ஒழுகும் மண்டபத்தில் நடத்தும் எனக்கு நல்ல கட்டடம் வேண்டாமென்றில்லை. ஆனால் கட்டடத்தையும் சம்பளத்தையும் ஒரே கையால் தராவிட்டால் பழைய கதைதான்.

காசில்லை என்ற பதிலை நான் ஏற்றுக்கொள்ளவில்லை, ஏனென்றால் காசு செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, பிந்திப்போய், வேறு இடத்தில். நிதியியல் ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ் 2024இல் லண்டன் யூத் கிளப்புகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கும் 2019க்கும் இடையில் லண்டனில் ஏறக்குறைய 30 சதவீத கிளப்புகள் மூடப்பட்டன. நடந்து போகும் தூரத்தில் இருந்த கிளப்பை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ சோதனையில் இழந்தவர்களின் பெறுபேறு இறங்கியிருந்தது, ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக. குற்றச் செயலில் ஈடுபடும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருந்தது. கிளப்பை மூடி மிச்சம் பிடித்த ஒவ்வொரு பவுண்ஸுக்கும் சமூகத்துக்கு ஏறக்குறைய மூன்று பவுண்ஸ் நட்டம் என்று கணக்கிட்டார்கள். மிச்சம் கவுன்சிலின் ஏட்டில் இருக்கிறது, நட்டம் பொலிஸ், நீதிமன்றம், அந்தப் பிள்ளையின் எதிர்காலச் சம்பளம் என்று வேறு ஏடுகளில் பரந்து கிடக்கிறது. அதனால்தான் எந்த ஒரு அதிகாரிக்கும் இது தன் பிழையாகத் தெரிவதில்லை.

தமிழ்ப் பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான். கவுன்சில்கள் அடுத்த வருட வரவு செலவை மார்ச் தொடக்கத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும். பெரும்பாலான கவுன்சில்கள் அதற்கு முன், குளிர்கால மாதங்களில் மக்களிடம் கருத்துக் கேட்கும். பேட்டைக் கவுன்சிலரின் மின்னஞ்சல் கவுன்சில் இணையத்தளத்தில் இருக்கும், ஆங்கிலம் சரியாக வராது என்று தயங்க வேண்டாம், பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், அவர்களுடைய விஷயம்தான். கேட்க வேண்டியவை: எங்கள் பகுதியில் 13 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு இந்த வருடம் மொத்தம் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள், அதில் நிரந்தர ஊழியர் சம்பளம் எவ்வளவு, குறுகியகால கிராண்ட் எவ்வளவு. கிழமையில் எத்தனை பின்னேரம், எந்த இடத்தில் கதவு திறந்திருக்கிறது. 507பி பிரிவின்படி போதியது எது என்று கவுன்சில் எப்போதாவது எழுத்தில் தீர்மானித்ததா, தீர்மானித்திருந்தால் அந்தப் பத்திரத்தை அனுப்புங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வரும், தராவிட்டால் தகவலறியும் சட்டப்படி கேட்கலாம், 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க வேண்டியது வேறு: அந்தப் பிரிவில் ஓர் எண்ணைப் போடச் சொல்லுங்கள், பிள்ளைத் தலைக்கு இவ்வளவு என்று. கவுன்சில்களிடமிருந்து பதில் வந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள். ஒவ்வொரு பகுதியாக ஒரு அட்டவணை போட்டு இங்கேயே வெளியிடுகிறேன்.